மைக்கை அணைத்த கை

மைக் செட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லித் தருவது வயர் சுருட்டுவது. அதை நான் சொல்லப்போவதில்லை. பத்துக் கல்யாணம், நாலு திருவிழாவுக்குக் கட்டினால் கை தானாகப் பழகிக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டியை எங்கே வைப்பது, எப்போது இரைச்சல் போடும், அதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். மேடையில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் மைக் செட் சங்கத்தில் என்னை எழுதச் சொன்னபோது சிரிப்பு வந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். வயது இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் அரசியல் கூட்டத்துக்கு இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த வகையில் நான் ரிட்டயர் ஆனவன்தான்.

செட் என் அண்ணனுடையது. செந்தில் என்றால் சிதம்பரம் பக்கம் மண்டபக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் முதலாளி, நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்காருகிறவன். அண்ணன் இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனான் என்பதும் இதில் வரும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு மந்திரி கூட்டம். மந்திரி மைக் முன்னால் வந்து நின்றார். ஸ்டாண்டு அவர் உயரத்துக்கு இல்லை. நான் ஓடிப்போய் இறக்கினேன். அவர் என் தோளில் கை போட்டு, "பேரு என்னா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லா இருப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லா இடத்திலும் சொன்னேன். மந்திரிக்கு என்னைத் தெரியும் என்றே நம்பிவிட்டேன். அந்த வருஷம் எங்கள் தெருவில் தண்ணீர் வராதபோது, "நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் கேட்டான்: "மறுபடியும் பாத்தா உன் பேரச் சொல்லுவாரா?"

"ஏன் சொல்ல மாட்டாரு?"

ஆறு மாதம் கழித்து அதே மைதானம், அதே மந்திரி. நான் வேண்டுமென்றே ஸ்டாண்டை உயரமாக வைத்துவிட்டு, அவர் வந்ததும் இறக்கப் போனேன். அதே தோளில் அதே கை. "பேரு என்னா தம்பி?"

ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நேரில் பார்த்துவிட்டால் நமக்குக் கிடைக்கிற சந்தோஷம் வேறு, கிடைக்க வேண்டியது வேறு. அன்றைக்கே இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

எங்கள் ஊர், சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும்; ஓரம் எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஊரில் பாதிப் பேர் அங்கே ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள்.

வசந்தா அக்கா அப்படி விழுந்தவர். தலையில் நண்டுக் கூடையோடு விழுந்தார். அதிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

ரோட்டுப் பக்கத்தில் புது ரேஷன் கடை திறக்க எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வந்தார். செட் நாங்கள்தான். கூட்டம் முடிகிற நேரத்தில், மக்களும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று கார்ட்லெஸ் மைக்கைக் கீழே கொடுத்தார்கள். நன்றி சொல்வதற்காகக் கொடுத்தது அது. வசந்தா அக்கா வாங்கி, ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஐயா, ரேஷன் கடை கட்டினது சந்தோஷம். அரிசிய வாங்கினு ஊட்டுக்குப் போவறதுக்குப் பாலத்துல கைப்பிடி இல்லியே. நான் வுழுந்துட்டேன், காலு போச்சு. அடுத்து யாரு வுழுவணும்னு காத்துனு..."

கட்சியின் ஒன்றியச் செயலாளர் மேடை ஓரத்தில் நின்றிருந்தார். எங்கள் பக்கம் அவரை 'ஒன்றியம்' என்றே சொல்வோம். கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுகிறவர் அவர்தான். அவர் என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தினார். நம் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் குறைத்தேன். யோசிக்கக்கூட இல்லை.

அக்காவுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் அவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கை தட்டலைக் கேட்டு அக்கா திகைத்து நிறுத்தினார். எம்.எல்.ஏ. மேடையிலிருந்து இறங்கி வந்து, கும்பிட்டு, அக்காவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

வயர் சுருட்டும்போது அண்ணன் கேட்டான்: "ஏன்டா அக்கா மைக்கக் குறைச்ச?"

"ஒன்றியம் கை காட்டினாரு."

"அவரு காட்டுவாருடா. அவரு கார்ல போயிடுவாரு. நாம அந்தப் பாலத்துலதான போவணும்?"

சுருட்டிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த ஐப்பசியில் சிதம்பரத்தில் ஒரு வளைகாப்பு. மதியம் முடிந்தது. மழை நிற்கவில்லை. பெரிய பெட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணன் முன்னால் போனான். மிச்ச வயரை எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாலத்தருகே ஊரே நின்றிருந்தது. தண்ணீருக்கு மேலே ஆட்டோவின் பின்சக்கரம் ஒன்று மட்டும் தெரிந்தது. அண்ணனை அதற்குள் கரையில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் சட்டைப் பையில் அந்த வளைகாப்பு வீட்டில் கொடுத்த கண்ணாடி வளையல்கள் இருந்தன, அண்ணிக்கென்று வாங்கி வைத்தவை. ஒன்றுகூட உடையவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் எம்.எல்.ஏ. வந்தார். அவரைப் பொய்யானவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அதே பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், விழுந்துவிடாமல் இருக்க. நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் துண்டால் துடைத்துப் போட்டேன். மாலை வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நம்ம கூட்டம் எல்லாத்துக்கும் செட் கட்டினவருப்பா உங்க அண்ணன். என்னா உதவி வேணும்னாலும் என்னக் கேளு."

கேட்டிருக்கலாம். பிணம் எரிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கேள் என்று அவரே சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்க நேர்ல வந்ததே போதும் சார்."

யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நம் வீட்டுத் துக்கத்துக்குப் பெரியவர் ஒருவர் வந்தால் நம் வாயில் தானாக வருகிற வார்த்தை அது. யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கூட வந்தவர்கள், "இவ்ளோ பெரிய மனுசன், தண்ணியில எறங்கி வந்தாரே" என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் அதையேதான் ஒரு வாரம் பேசினார்கள்.

வசந்தா அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார். ஒரே வார்த்தை கேட்டார்.

"போதுமாப்பா?"

நான் அண்ணன் செத்ததற்கு அழுதது அப்போதுதான். அதுவரை அழவே இல்லை.

பிறகு ஊர் கூடி மனு எழுதினோம். அங்கேயும் ஒரு தப்பு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு மட்டும் எழுதலாம் என்றால் யாரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்கள். ஆளுக்கு ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். உயரமான விளக்குக் கம்பம், மதிய பஸ், சுடுகாட்டுக்குக் கூரை, குளத்துப் படிக்கட்டு. மொத்தம் பதினொன்று. பாலம் ஏழாவதாக வந்தது. வேன் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். சால்வை போட்டோம். அவர் நின்றபடியே மனுவைப் படித்தார். "மொதல்ல லைட்டப் போட்டுடலாம்" என்றார். எல்லோருக்கும் டீ வந்தது.

லைட் வந்தது. சொன்னபடியே சீக்கிரமாக வந்தது. அதைத் திறந்து வைக்கிற கூட்டத்துக்கு செட் கட்டியது நான். சாயங்காலம் விளக்கை எரியவிட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் பாலம் பட்டப்பகல் போலத் தெரிந்தது. கைப்பிடி இல்லாததும் நன்றாகத் தெரிந்தது.

பதினொன்று கேட்டால் கொடுக்கிறவருக்கு எது சுலபமோ அது கிடைக்கும். நாம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அடுத்த பத்தைக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

கடலூருக்கும் போனோம், நானும் வசந்தா அக்காவும். திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ். வரிசையில் நின்று மனு கொடுத்து ரசீது வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அந்த ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார். செம்மங்குப்பம் தாண்டும்போது திடீரென்று கேட்டார்.

"ஏம்பா, அன்னிக்கு ரேஷன் கடையில என் மைக்கு தானா நின்னுச்சா, நீ நிறுத்துனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். கார்ட்லெஸ்ஸில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"நான்தான்க்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிதம்பரத்தில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார், கால் சரியில்லாததால். இறங்கி நின்று சொன்னார்: "அன்னிக்கு எம்.எல்.ஏ. என் காதுல 'பாக்கலாம்மா'ன்னு சொன்னாரு. அத மைக்குல சொல்லியிருந்தா ஊரே கேட்டிருக்கும். மறுபடி போயி கேக்க எனக்குத் தெம்பு இருந்திருக்கும். நான் சொன்னதும் கேக்கல, அவரு சொன்னதும் கேக்கல. அப்புறம் நான் யாருகிட்ட போயி, சொன்னாரு சொன்னாருன்னு சொல்றது?"

இத்தனை வருஷம் மிக்சரில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. கவனித்துப் பாருங்கள். மக்கள் கேட்பது மைக்கில் போகும். பதில் காதில் போகும். அந்தப் பதிலுக்குச் சாட்சி கிடையாது.

தை மாதம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எம்.எல்.ஏ. குறை கேட்க வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. செட் நான்தான். வசந்தா அக்கா வீடு வீடாகப் போனார். காலை இழுத்துக்கொண்டு, வெயிலில், நாலு நாள். "இந்த ஒரு கூட்டத்துல ஒண்ணே ஒண்ணு. வேற எதையும் யாரும் கேக்கக் கூடாது."

எங்கள் தெரு ரவி மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப எங்க குளத்துப் படிக்கட்டு?"

"மாமா, நீ குளிச்சி நான் பாத்ததே இல்லியே. உனக்கு எதுக்குப் படிக்கட்டு?"

தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டு, "சரி போ, பாலம் வந்தப்புறம் குளிக்கிறேன்" என்றார்.

கூட்டத்தன்று மைக் கீழே போனது. முதலில் பேசியவர் பாலம் என்றார். இரண்டாவது ஆளும் பாலம். ரவி மாமா எழுந்தபோது எனக்குப் பயம்தான். அவரும் பாலம் என்றார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. மேடையில் யாரும் சிரிக்கவில்லை. வசந்தா அக்கா மைக்கை வாங்கி, ஊதிப் பார்த்தார்.

ஒன்றியம் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். உள்ளங்கை தாழ்ந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு கையையும் எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு எப்படியும் என் கையை என்னால் நம்ப முடியவில்லை. அத்தனை வருஷப் பழக்கம். அவர் உள்ளங்கை தாழ்ந்தால் என் விரல் தானாகப் போய்விடும்.

"கொறைடா தம்பி."

"முடியாதுண்ணே."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் நல்லாதாண்ணே இருக்குது."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவரே விரலை நீட்டினார். நான் எழுந்து அவருக்கும் மிக்சருக்கும் நடுவில் நின்றேன். தள்ளவில்லை, திட்டவில்லை, நின்றேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "நாளைக்கி உன்ன எவன் கூப்புடுறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா பேசி முடித்தார். முழுசாக, கடைசி வார்த்தை வரை. அழவில்லை, கெஞ்சவில்லை. விழுந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக என் அண்ணன் பெயரைச் சொன்னார். செந்தில் என்ற பெயர் அவன் வாங்கிய பெட்டிகளிலிருந்தே வந்தது. வாய்க்காலிலிருந்து எடுத்துக் காய வைத்த பெட்டிகள் அவை.

எம்.எல்.ஏ. எழுந்து வந்தார். கும்பிட்டார். அக்காவின் காதருகே குனிந்தார்.

நான் இன்னொரு கார்ட்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டாண்டு இறக்க ஓடியது போலத்தான் ஓடினேன். அவர் வாய் அருகே நீட்டினேன். "சார், பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலயாம். மைக்ல சொல்லுங்க."

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மைக் செட்காரன் தினமும் சொல்கிற வார்த்தை. ஆனால் ஓடி வந்த வேகத்தில் மைக் அவர் மீசையில் இடித்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ செந்தில் தம்பிதான?"

அது மைக்கில் போய்விட்டது. ஊர் முழுக்கக் கேட்டது.

"ஆமா சார்."

பெட்டியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நான் மைக்கை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் அடுத்த ஐப்பசி மழைக்குள்ள கட்டி முடிச்சித் தருவேன்."

"ரெண்டு பக்கமுமா சார்?" அக்கா விடவில்லை.

இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும்தாம்மா."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிராம சபையில் தலைவர் முனகினால் பொம்பளைகள் பின்னாலிருந்து, "மைக்ல சொல்லுங்க" என்கிறார்கள். முன்பெல்லாம் கிராம சபைக்குக் கையெழுத்துப் போட மட்டும் போவார்கள். இப்போது போய் உட்காருகிறார்கள், பதில் வரும்வரை. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்டு, சமையல்காரர் மெதுவாகச் சொன்னாலும், "மைக்ல சொல்லுய்யா" என்கிறார்கள்.

ஒன்றியம் சொன்னதைச் செய்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு அரசியல் மேடையும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஓடுகிறது. குறை இல்லை.

இப்போது ஆவணி. பாலத்தில் ஒரு பக்கச் சுவர் நிற்கிறது. மேற்குப் பக்கம், நல்ல சுவர்தான், சாய்ந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம் நாலு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் விழுந்தது கிழக்குப் பக்கம்.

புரட்டாசியில் எம்.எல்.ஏ. மறுபடியும் எங்கள் ஊருக்கு வருகிறார். செட் எனக்கு இல்லை. கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ புதிதாக ஒருவரைப் பிடிக்கிறார்களாம். அது உங்களில் ஒருவராகத்தான் இருக்கும். இதை நான் எழுத ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

இடது காலை இழுத்து நடந்து ஒரு அக்கா வருவார். மைக் கைக்கு வந்ததும் முதலில் ஊதிப் பார்ப்பார், எரிச்சல் படாதீர்கள். அவர் கேட்கப்போவது ஒரே ஒரு சுவர். உங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து நின்று உள்ளங்கையைத் தாழ்த்துவார். அப்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்கிறவர் காதருகே குனிந்தால், இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

நான் கடைசி வரிசைக்கும் பின்னால், பாலத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்பேன். அங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி வையுங்கள்.